படகுக்குப் போக மிச்சம்

காசிமேட்டு மணலில் நிற்கிற புதுப் படகுக்குப் பாதிரியார் இப்போதுதான் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போகிறார். படகுக்காரர் ஆரோக்கியம் ஐஸ் பெட்டியில் சங்கரா மீன்களுக்கு நடுவே கிடந்த புட்டியை எடுக்கிறார். ஷாம்பெயின் போலவே புட்டிக்குள் மறுபடி நொதிக்கவிட்டுச் செய்த பெல்ஜியம் பீர். கப்பலில் வேலை பார்க்கும் அவருடைய மச்சான் கொண்டுவந்தது. நான் பெல்ஜியத்துக்கே போய், இதைத் தேடி அலைந்து, கிடைக்காமல் திரும்பியவன்.

தக்கை வெடிக்கிறது. ஆரோக்கியம் புட்டியை அப்படியே படகின் மூக்கில் கவிழ்க்கிறார். நுரை வழிந்து மணலில் இறங்குகிறது.

"அண்ணே, போதும்ணே!" என்று கத்திவிடுகிறேன்.

"இன்னா சார் நீ! கடலுக்கு நம்பள இட்டுகினு போய் இட்டுகினு வர்றது அதுதான? மொதல்ல அது குடிக்கட்டும். அப்பாலதான் நம்ப."

எனக்கு எவர்சில்வர் டம்ளரில் ஒரே ஒரு வாய் வருகிறது. பச்சை ஆப்பிள் வாசம், நாக்கெல்லாம் ஊசி ஊசியாய்க் குத்தும் நுரை. மறுபடி டம்ளரை நீட்டுகிறேன். புட்டி காலி.

எல்லாரும் படகைத் தண்ணீருக்குத் தள்ளுகிறார்கள். நானும் மூக்குப் பக்கமாகத் தோள் கொடுக்கிறேன். அங்கே இன்னும் ஈரம் காயவில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் விரலால் வழித்து நக்குகிறேன்.

வெறும் பெயிண்ட். பாவிப் படகு, எனக்கென்று ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்கவில்லை.