வாடாத ரோஜாவுக்கு ஒரு பில்

என் அம்மா இருபத்தாறு வருஷம் ஒரு பெரிய ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்தாள். படுக்கை விரித்து, குளியலறை தேய்த்து, கடைசியில் ஜாடியில் வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். வாடியதைக் குப்பையில் போட அவளுக்கு மனசு வராது. வீட்டுக்குக் கொண்டுவந்து, கருகிய வெளி இதழ்களைக் கிள்ளிவிட்டு ஜாம் பாட்டிலில் நிறுத்துவாள். ரோஜா என்றால் இத்துனூண்டுதான் இருக்கும் என்று பத்து வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

அதற்கும் வந்தது கேடு. ஒருநாள் ஹோட்டல் கேட்டில் காவலாளி அவள் பையைத் திறந்தான். உள்ளே ஒரு ரோஜா, சரியாக வாடவில்லையாம். மேனேஜர் எல்லார் முன்னாலும் அவளை நிற்க வைத்து, திருடினேன், இனி செய்யமாட்டேன் என்று எழுதி வாங்கினான். அடுத்தவர் குண்டூசியைக்கூடத் தொடாத மனுஷி அவள்! அதற்குப் பிறகு தினமும் வெளியே வரும்போது, இதழ் தொங்கும் பூக்களைத் தானே வெளியே எடுத்து, காவலாளியிடம் காட்டிவிட்டு வருவாள். அதே ஹோட்டலில் சலவைப் பிரிவில் நான் சேர்ந்த பிறகு இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பூவை விட்டுத் தொலையேன் என்றால் கேட்கமாட்டாள்.

போன மாதம் அவளுக்குக் கடைசி நாள். ஒரு நல்ல வார்த்தை இல்லை. சீருடையைத் துவைத்துத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அதையும் நான்தான் துவைத்தேன். அன்று ஹாலில் ஏதோ கம்பெனி விருந்து. வாசலிலிருந்து மேடை வரை பூவாகக் குவித்திருந்தார்கள். அதில் ஒரு ரோஜாவை அவளுக்குக் கொடுத்திருந்தால் குடி முழுகிப் போயிருக்குமா?

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வேலை முடிந்ததும் நேரே பூக்கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் லில்லியைக் காட்டினார். அதன் மகரந்தம் துணியில் பட்டால் என்ன பாடு என்று சலவைக்காரி எனக்குத் தெரியாதா? வேண்டாம் என்றேன். என் சீருடையை மேலும் கீழும் பார்த்தவர், ஓரத்தில் இருந்த வாளியைக் காட்டி, நேற்று வந்தது, பாதி விலைக்குத் தருகிறேன் என்றார். எனக்கு வந்ததே கோபம்.

"எங்க அம்மா இத்தனை வருஷமா வாடினதைத்தான் பாத்தாங்க. மொட்டா குடுங்க."

மஞ்சள் ரோஜா ஏழு. ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பொறுக்கினேன்.

வீட்டில் பூவை வாங்கிக்கொண்ட அம்மா முகரவில்லை, சிரிக்கவில்லை. பழக்கத்தில் வெளி இதழைக் கிள்ளப் போனாள். கிள்ள ஒன்றும் இல்லை. முகம் வெளுத்துவிட்டது.

"ஹால்லேருந்து எடுத்தியா?"

கடையில் வாங்கினேன் என்றேன். நம்பவில்லை.

"வாடாத பூவ யாருடி தூக்கிப் போடுவா? உன்கிட்டயும் எழுதி வாங்கிடுவாங்க. எடுத்த எடத்துலயே வச்சுட்டு வா."

பெற்ற மகளையே திருடி என்கிறாளே என்று ஆத்திரம் தலைக்கேறியது. பையைக் கவிழ்த்து, பில்லைத் தேடி எடுத்து அவள் முன்னால் வைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு கடைப் பெயர், தேதி எல்லாவற்றையும் விரல் வைத்துப் படித்தாள். பிறகுதான் பூவை முகர்ந்தாள். நல்லா இருக்குடி என்றாள்.

ஜாம் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ரோஜாக்களை நிறுத்தினாள். பில்லை நீவி, வாசலில் வருகிறவர் கண்ணில் படும்படி பாட்டில்மேல் சாய்த்து வைத்தாள்.

இனிமேல் உன் பையை யார் திறக்கப் போகிறார்கள், அதை எடும்மா என்றேன். இருக்கட்டும் என்றாள்.

விளங்குவானா அந்த மேனேஜர்? சொந்த வீட்டில், தன் பூவுக்கு என் அம்மா சாட்சி வைத்திருக்கிறாள்.