பாதி வேகத்தில் தெரிந்த விரல்

என் கணவர் அர்ஜுனன் போன மாதம் நெஞ்சுவலியில் இறந்தார். நாற்பத்து மூன்று வயது. ரிங்லெட் டவுனுக்கு மேலே மலையில் உள்ள தேயிலைத் தோட்டத்தில் பதினாறு வருடம் கொழுந்து வெட்டும் மிஷின் பிடித்தவர். துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் நல்ல வேலைக்காரர் என்றார்கள். மீதிப் பேர், "போன்ல பாட்டு தட்டுவாரே, அவர்தானே?" என்றார்கள். இரண்டும் சரி. அந்த இரண்டும் ஒரு சமயம் நேருக்கு நேர் முட்டிக்கொண்டன. அது எப்படி முடிந்தது என்பது தோட்டத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்த விளையாட்டு. போனை மேசையில் படுக்க வைப்பார். திரையில் நான்கு கோடுகள். பாட்டு ஓட ஓட மேலிருந்து சின்னக் கட்டைகள் அந்தக் கோடுகளில் இறங்கி வரும். அடியைத் தொடும் அதே கணத்தில் தட்ட வேண்டும். இடது கையில் இரண்டு விரல், வலது கையில் இரண்டு விரல், விரலுக்கு ஒரு கோடு. லேசான பாட்டு என்றால் குழந்தைகூடத் தட்டும். கடினமான பாட்டில் கட்டைகள் ஆலங்கட்டி மழை மாதிரி கொட்டும்.

மற்றவர்கள் அந்த மழைக்குள் தலையைக் கொடுத்து நனைவார்கள். தோற்றால் மறுபடி முதலிலிருந்து, அதே வேகத்தில். அவர் அப்படிச் செய்ததே இல்லை. விளையாட்டுக்குள் பயிற்சி என்று ஓர் இடம் உண்டு. அங்கே பாட்டின் வேகத்தைப் பாதியாகக் குறைக்கலாம். முழு வேகம் நூறு என்றால், புதுப் பாட்டு எதுவானாலும் அவர் ஐம்பதில்தான் தொடங்குவார். இரண்டு முறை ஒரு கட்டைகூட விடாமல் தட்டினால் ஐம்பத்தைந்து. அங்கே ஒன்று விட்டாலும் திரும்ப ஐம்பது. பாதி வேகத்தில் பாடகரின் குரல் மாட்டின் குரலாகிவிடும். சமையல் கட்டில் நின்றுகொண்டு அதை நான் வருடக்கணக்கில் கேட்டிருக்கிறேன்.

மிஷினின் மறுபக்கம் பிடிக்கும் ரூபன் கேலி செய்வான்.

"என்னாண்ணே, பாட்டுக்குக் காய்ச்சலா? இப்படி இழுக்குது?"

"நீ பாட்டைக் கேக்குற. நான் என் கையைக் கேக்குறேன்."

"கை என்னா சொல்லுது?"

"ரூபன் வாயை மூடினா நல்லாருக்கும்னு சொல்லுது லா."

ரிங்லெட் டவுனில் கமருஸ்ஸமான் பாய் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். அவர் மகள் சுஹைலா ஈப்போவில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். சனி ஞாயிறுகளில் வந்து கல்லாவில் உட்காருவாள். அவளும் இந்த விளையாட்டில் கெட்டிக்காரி. போன வருடத் தொடக்கத்தில், ரிங்லெட் பையன்களின் உருமி மேளம் ஒன்றைப் பதிவு செய்து, அதற்கான கட்டைகளைத் தானே அடுக்கி விளையாட்டுக்குள் ஏற்றினாள். மூன்று நிமிடப் பாட்டு. இரண்டாவது நிமிடத்துக்குப் பிறகு உருமி ஓட்டமெடுக்கும் இடத்தில் இடது கைக்கு முப்பத்திரண்டு தட்டு, மூச்சுவிட இடமில்லாமல். அதை முழு வேகத்தில் ஒன்றுகூட விடாமல் முடித்தவள் அவள் ஒருத்திதான். முடித்த திரையைப் படமெடுத்து, ரொட்டி விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டியும் வைத்தாள்.

"அண்ணே, இது கொழுந்து இல்ல, உருமி. பாத்துத் தொடுங்க."

"ஒட்டின படத்தைக் கிழிக்கக் கொஞ்ச நாள் ஆகும்மா. பசை நல்லா போட்டிருக்கியா?"

அன்றே ஐம்பதில் தொடங்கினார். அறுபத்தைந்து வரை வழக்கம்போல ஏறினார். அதற்கு மேல் போகவில்லை. அந்த முப்பத்திரண்டில் இரண்டு மூன்று தட்டுப்படாமல் விழுந்துவிடும். இறங்கி வந்தார். அறுபதிலும் விழுந்தது. ஐம்பத்தைந்திலும் விழுந்தது. ஒரு பாட்டில் அவர் கீழே இறங்கிக்கொண்டே போனதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

"குளிர்," என்றார்.

எங்கள் மலையில் குளிர்தான் எல்லாவற்றுக்கும் பதில். தயிர் உறையாவிட்டால் குளிர், மூட்டு வலித்தால் குளிர், மாப்பிள்ளை வீட்டார் திரும்பி வராவிட்டாலும் குளிர். அவருடைய இடது கை விரல்கள் காலையில் வெளுத்து மரத்துப்போவது ஒரு வருடமாக இருந்தது. சட்டைப் பொத்தான் போட நேரமானது. மிஷின் பிடிப்பவர்களில் இன்னும் சிலருக்கும் அப்படித்தான். எல்லாரும் குளிர் என்றார்கள். நானும் கம்பளிக் கையுறை வாங்கிக் கொடுத்தேன். படித்தவள், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்ப்பவள், எனக்கும் அதற்கு மேல் தோன்றவில்லை.

ஆனால் அவருக்கு ஒரு கெட்ட பழக்கம். சொன்ன காரணத்தைச் சோதித்துப் பார்ப்பார். அடுத்த ஞாயிறு மத்தியானம் பாய் கடைக்குப் போய், ரொட்டி போடும் கல்லுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நெற்றியில் வேர்வை வழிந்தது.

"தம்பி, ரொட்டி போடப் போறியா, விளையாடப் போறியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு," என்றார் பாய்.

"பத்து நிமிசம் பாய். கை சூடாவட்டும்."

கை சூடானது. பாட்டை ஐம்பதில் வைத்துத் தட்டினார். நான்கு விழுந்தது.

சுஹைலா கல்லாவிலிருந்து எழுந்து வந்து போனை வாங்கினாள். பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு கோட்டிலும் தட்டு முந்தியா பிந்தியா என்று விளையாட்டு கணக்குக் காட்டும். வேகமாக ஆடுகிறவர்கள் அதைப் பார்ப்பதில்லை, மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள்.

"அண்ணே, மூணு கோடு சுத்தமா இருக்கு. இடது ஓரக் கோடு மட்டும் லேட். ஒண்ணு ரெண்டு இல்ல, எல்லாமே லேட்."

"அந்த இடம் கஷ்டம்லா. நீதானே அடுக்கின."

"பாதி வேகத்துல என்னா கஷ்டம்? எங்க அத்தாகூடத் தட்டுவாங்க." ஒரு கணம் யோசித்தாள். "திருப்பிப் போட்டுப் பாப்பமா?"

பாட்டைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகத் திருப்பும் வசதி அதில் இருக்கிறது. அப்படிச் செய்தால் முப்பத்திரண்டும் வலது கைக்குப் போய்விடும். இடது கைக்கு இலகுவானது வரும். அவர் தட்டினார். வலது கை அந்த முப்பத்திரண்டையும் ஒன்று விடாமல் தட்டியது. இடது ஓரக் கோட்டில், இலகுவான கட்டைகளில், மறுபடியும் எல்லாமே பிந்தி. ஒரு வினாடியை ஆயிரமாக நறுக்கினால் அதில் எழுபது துண்டு பிந்தி.

கஷ்டம் பாட்டில் இல்லை. குளிரிலும் இல்லை. இடது நடுவிரலில் இருந்தது. திரையைத் தொட்டது அந்த விரலுக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

சுஹைலாவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "அண்ணே, ஆஸ்பத்திரியில காட்டுங்க," என்றாள். அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பாயிடம் ஒரு ரொட்டி கட்டித் தரச் சொன்னார். வீட்டுக்கு வந்து என்னிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார்.

டாக்டர் சீனப் பெண். என் கணவரின் நகத்தை அழுத்தினார், ஊசி முனையால் ஒவ்வொரு விரலாகத் தொட்டார், என்ன வேலை என்று கேட்டார். கேட்டதும் புரிந்துகொண்டார். மிஷின் நடுக்கம் விரல் நரம்பையும் ரத்தக் குழாயையும் கெடுக்கிறது. இப்போது நிறுத்தினால் ஓரளவு திரும்பலாம். இன்னும் ஒரு வருடம் போனால் திரும்பாது. அடுத்த கையும் போகும்.

கேட்பதற்குச் சின்ன விஷயம். தோட்டத்தில் அது சின்ன விஷயமில்லை. மிஷினை இரண்டு பேர் தேயிலை வரிசையின் இரு பக்கமும் பிடித்து நடப்பார்கள், பின்னால் ஒருவர் கொழுந்து விழும் பையை இழுத்து வருவார். என்ஜின் ஒரு பக்கம்தான் இருக்கும். நடுக்கம் முழுவதும் அந்தப் பக்கத்துக் கைக்கு. கத்தி எவ்வளவு உயரத்தில் ஓட வேண்டும், சரிவில் எப்போது தாழ்த்த வேண்டும், எல்லாம் அந்தக் கை சொல்வதுதான். நல்ல ஆளுக்குத்தான் என்ஜின் பக்கம் கிடைக்கும், கிடைத்தால் விடமாட்டார்கள். பதினாறு வருடத்தில் பதினொரு வருடம் அது அவர் பக்கம். அதை விட்டால் பை இழுக்க வேண்டும். பை இழுப்பது புதிதாக வந்த ஆளின் வேலை.

பன்னிரண்டு நாள் அவர் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் போனார், என்ஜின் பக்கம் பிடித்தார், வந்தார். நான் வற்புறுத்தவில்லை. பதின்மூன்றாம் நாள் சாயங்காலம் போனை எடுத்து உருமிப் பாட்டை நாற்பதில் வைத்தார்.

"என்னங்க, ஐம்பதுக்குக் கீழயும் இருக்கா?"

"இருக்கு. இதுவரைக்கும் தேவைப்படல."

இடது நடுவிரலை மடக்கிக்கொண்டார். ஆட்காட்டி விரலே இரண்டு கோட்டுக்கும் போய்ப் போய் வந்தது. அசிங்கமாக இருந்தது. ஆனால் நாற்பதில் ஒன்றும் விழவில்லை. இன்னொரு முறை தட்டினார். விழவில்லை.

"ருக்கு, நாளைக்கு தொர எத்தன மணிக்கு ஆபீஸ் வருவார்?"

"எட்டரைக்கு."

"காலையில பெரட்டுல ஆள் பிரிச்சு முடிஞ்சதும் வரேன்."

வந்தார். மேனேஜரின் அறைக் கதவு திறந்தே இருந்தது, என் மேசை வெளியே. கேட்கக் கூடாது என்று நினைக்கவில்லை, கேட்டேன்.

"தொர, நான் என்ஜின் பக்கம் விடுறேன். கை போவுது."

"என்ன அர்ஜுனன், குளிருக்கு இப்படிச் சொன்னா எப்படி? கையுறை போட்டுக்க வேண்டியதுதானே?"

"குளிரு இல்ல தொர. பாருங்க."

டாக்டர் கொடுத்த தாளை முதலில் வைத்தார். அதன் மேல் போனை வைத்தார். மேனேஜர் தாளைவிடப் போனைத்தான் அதிக நேரம் பார்த்தார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் சிறிது நேரம் கழித்து உள்ளேயிருந்து மாட்டுக் குரலில் உருமிப் பாட்டு கேட்டது. மேனேஜர் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு எல்லாக் கோடும் லேட்டா வருதே?"

"தொரைக்கு அது பழக்கமில்லாததால. நாலும் ஒண்ணா லேட்டானா பழக்கமில்ல. ஒண்ணு மட்டும் லேட்டானா விரலு."

மேனேஜர் சிரித்துவிட்டார். பிறகு சிரிக்காமல் கேட்டார்: "உனக்கு மட்டுந்தானா?"

அந்தக் கேள்விக்காகவே என் கணவர் வந்திருந்தார். மறுநாள் காலை பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் முன், மிஷின் பிடிக்கும் பன்னிரண்டு பேரையும் நிறுத்தினார்கள். தகரக் கொட்டகைக்குள் ஒரு மேசை, அதன் மேல் அந்தப் போன். அவர் மிக இலகுவான பாட்டு ஒன்றைப் பாதி வேகத்தில் வைத்து, ஒவ்வொருவரையும் முதலில் மூன்று முறை பழகவிட்டு, நான்காவது தடவைக் கணக்கை எடுத்தார். கொட்டகை ஒரே கூத்து.

"யோவ், இது சோதனையா, பாட்டுக் கச்சேரியா?"

"தோத்தவன் டீ வாங்கணுமாண்ணே?"

"தோத்தவன் ஆஸ்பத்திரிக்குப் போவணும். உக்காரு."

ரூபன் கெத்தாக உட்கார்ந்தான். அவனுக்கு நான்கும் சுத்தம். இருபது வருடம் வேலை செய்த கந்தன் அண்ணனுக்கு இரண்டு விரல் பிந்தியது. வங்காளதேசத்திலிருந்து வந்த ஒருவருக்கு ஒரு விரல். இருவரும் என்ஜின் பக்கம் பிடிப்பவர்கள். போன் சொன்னதை அப்படியே நம்பவில்லை, டாக்டரிடம் அனுப்பினார்கள். டாக்டர் இருவருக்கும் அதையே சொன்னார்.

அந்த வாரமே முறை மாறியது. என்ஜின் பக்கம் இனி யாருக்கும் சொந்தமில்லை. விரல் நன்றாக இருப்பவர்கள் மணிக்கொரு முறை இடம் மாறுவார்கள். விரல் பிந்தியவர்கள் பை இழுப்பார்கள், அல்லது கத்தி தீட்டுவார்கள். முதல் நாள் அவரே பையைப் பிடித்தார். மேலே சரிவில் இருந்து யாரோ கத்தினார்கள்.

"அர்ஜுனாண்ணே, புது ஆளா? பேரு என்னா?"

"பேரு அப்புறம் சொல்றேன். மிஷினைத் தூக்கிப் புடி, காம்பு விழுது!"

முன்னால் மிஷின் பிடித்திருந்த ரூபன் கத்தியைத் தூக்கினான். பை இழுப்பவருக்குத்தான் விழுவது என்னவென்று நன்றாகத் தெரியும் என்று அன்று சாயங்காலம் சொன்னார். பதினொரு வருடமாக அது தனக்குத் தெரியாமல் போனதே என்றும் சொன்னார். அதில் வருத்தம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

உருமிப் பாட்டை அவர் விடவில்லை. ஆட்காட்டி விரலையே வைத்து நாற்பதிலிருந்து ஏறினார். எழுபது வேகத்தில் இரண்டு மாதம் நின்றார். நடுவிரலை மறக்கவுமில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் இலகுவான பாட்டு ஒன்றை அந்த விரலோடு ஒரு முறை தட்டி, கணக்கைப் பார்த்து மூடிவிடுவார். என்ன வந்தது என்று கேட்டால், "இன்னும் இருக்கு" என்பார்.

அவர் போன் இப்போது என்னிடம் இருக்கிறது. விளையாட்டு எல்லாக் கணக்கையும் தேதியோடு வைத்திருக்கிறது. உருமிப் பாட்டு தொண்ணூற்றைந்து வரை வந்திருக்கிறது, ஒன்றும் விழாமல், ஒரு முறை. இரண்டாவது முறை தட்ட அவருக்கு நாள் இருக்கவில்லை. நடுவிரல் எத்தனை துண்டு பிந்தியது என்ற கணக்கையும் பார்த்தேன். போன வருடத் தொடக்கத்தில் எழுபது. தீபாவளிக்கு முன் ஐம்பத்திரண்டு. தைப்பூச வாரம் முப்பத்தெட்டு. கடைசி ஞாயிறு பத்தொன்பது.