வாய் தைக்கப்பட்ட பொம்மை

தையலக்காவிடம் அவளுடைய தாய்மொழி எது என்று அந்தக் குடியிருப்பில் ஒருவரும் கேட்டதில்லை. பேண்ட் இடுப்பு இறுகினால் மட்டும் அவளுடைய தரைத்தள அறை எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஒரு மெஷின், ஒரு கட்டில், இரண்டுக்கும் நடுவே வெட்டுத்துணிக் குவியல்.

அவள் மொழிக்கு எழுத்து கிடையாது. அதைப் பேசுகிறவர்கள் கதவைத் தட்டவும் மாட்டார்கள். வெளியே நின்று, "வாசல்ல நிக்கிறேன், உள்ளே யாரு?" என்று தங்கள் பேச்சில் ராகமாகக் கூப்பிடுவார்கள். உள்ளே இருப்பவர், "நான் இருக்கேன், வா" என்று பதில் சொல்லியே தீரவேண்டும். பதில் வராவிட்டால் அது ஆளற்ற வீடு. பிறந்ததிலிருந்து கேட்ட பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிடும். சண்டை போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் அவள் புருஷன்கூட, பதில் சொல்லிவிட்டுத்தான் மறுபடி முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

பத்தாவது படிக்கும் மகள் மட்டும் சில மாதங்களாகக் கதவைத் தட்டினாள்.

"எதிர் வீட்டுப் பொண்ணுங்க சிரிக்குதுங்கம்மா. தட்டினா என்ன இப்போ?"

அந்த ஒவ்வொரு தட்டும் தாயின் நெஞ்சில் விழுந்தது.

அதனால்தான் குடியிருப்புச் சங்கம் பன்மொழி விழா என்று அறிவித்ததும் தையலக்கா பூரித்துப் போனாள். மொழிக்கு ஒரு கைப்பொம்மை. திரைக்குப் பின்னாலிருந்து அந்தந்த வீட்டார் பொம்மையின் வாயை அசைத்துத் தங்கள் மொழியில் வரவேற்க வேண்டும். எல்லாப் பொம்மைகளையும் அவளே தைத்தாள். தன் மொழிக்கான பொம்மைக்குத் தன் கல்யாணப் புடவையின் ஓரத்தையே வெட்டிப் பாவாடை கட்டினாள். மேடையில் அது பேசுவதை மகள் ஒருமுறை கேட்டால் போதும்.

ஒத்திகையில் சங்கச் செயலாளர் அந்தப் பொம்மையைத் தூக்கிப் பார்த்தார்.

"இது எந்த பாஷை?"

"எங்களுது சார்."

"எழுத்து இருக்கா?"

"இல்ல சார். பேசறதுதான்."

"எழுத்து இல்லாததை பாஷைன்னு மேடையேத்த முடியுமா? பொம்மை அழகா இருக்கு, கும்பிட்டுட்டுப் போகட்டும். நீ மறந்துபோய் பேச வெச்சுடுவே. அதோட வாயைத் தைச்சுடு."

"தையலக்கா வாயையும் சேர்த்தா சார்?" என்றார் மாடிவீட்டுக்காரர். கூடம் சிரித்தது.

மகள் குனிந்த தலையோடு வந்தாள். "தைச்சுடும்மா. வம்பு வேணாம்."

அவள் தைத்தாள். தான் பெற்ற பிள்ளையின் வாயைத் தானே தைக்கும்படி எந்தத் தாயிடமாவது சொல்வார்களா? சொன்னார்கள். மொழிகளைக் கொண்டாடுகிறோம் என்று வாசலில் தோரணம் கட்டிவிட்டுச் சொன்னார்கள்.

விழாவன்று அரங்கம் நிறைந்திருந்தது. பொம்மைகள் ஒவ்வொன்றாகப் பேசிக் கைதட்டல் வாங்கின. செயலாளர் திரையோரத்தில் மைக்கோடு நின்று அறிவித்துக்கொண்டிருந்தார்.

"அடுத்தது ஓர் ஊமைப் பொம்மை!"

பொம்மை கும்பிட்டது. அரங்கம் சிரித்தது. திரை இடுக்கு வழியே மகளின் கவிழ்ந்த முகம் தெரிந்தது. தையலக்கா தொண்டையைத் திறந்தாள். வாசலில் நின்று கூப்பிடும் அதே ராகத்தில், தன் மொழியில் கூப்பிட்டாள்.

அரங்கம் அடங்கியது.

"நான் இருக்கேன், வா."

அதே மொழி. அதே இழுப்பு. ஒலிபெருக்கியில் அரங்கம் முழுக்கக் கேட்டது. மைக்கைப் பிடித்திருந்த செயலாளரின் வாய் இன்னும் திறந்தே இருந்தது.

முன்வரிசையில் இருந்த அவர் மனைவி மெதுவாகக் கேட்டாள். "இது என்ன பாஷைங்க? என்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே."

அவர் கைக்குட்டையைத் தேடினார்.

தையலக்கா பொம்மையோடு வெளியே வந்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"தெரியாத ஆளு சொல்லியிருந்தா, போய்த் தொலையுதுன்னு விட்டிருப்பேன். இந்தப் பேச்சுலயே பால் குடிச்ச நீங்க, என் கையாலேயே இதோட வாயைத் தைக்க வெச்சீங்களே." இடுப்பில் செருகியிருந்த சின்னக் கத்தரியை நீட்டினாள். "பிரிங்க. நீங்களே பிரிங்க."

அத்தனை பேர் முன்னால் அவர் அந்தக் கறுப்பு நூலைப் பிரித்தார். மாடிவீட்டுக்காரர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வீட்டுக்கு வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். 'தைச்சுடும்மா' என்ற சொல் இன்னும் காதில் குத்திக்கொண்டிருந்தது. வெளியே மகளின் செருப்புச் சத்தம் வந்து நின்றது. தட்டுவாள் என்று பல்லைக் கடித்தாள்.

தட்டவில்லை. எதிர் வீட்டுக்கும் கேட்கும்படி, கொஞ்சம் உடைந்த குரலில் மகள் கூப்பிட்டாள்.

"நான் இருக்கேன், வா" என்றாள் தாய். சொல்லிவிட்டுத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.