கப்பல் ஆட்டம் என்றுதான் நினைத்தேன்

சாதாரண மருந்துக்கு மசியாத டி.பி. எனக்கு. ஆறு மாதமாகத் தினமும் ஒரு கைப்பிடி மாத்திரை. இருமல் அடங்கியிருந்தது. ஏழாம் மாதம் சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் கப்பலில் திரும்பினேன். இறங்கியதிலிருந்து தரை பஞ்சு மாதிரி இருந்தது.

எங்கள் தீவில் இதற்கெல்லாம் யாரும் டாக்டரிடம் போவதில்லை. மூன்று நாள் கடலில் கிடந்தால் மூன்று நாள் தரை ஆடும், அவ்வளவுதான். அபர்டீன் பஜாரில் என் தையல் கடைக்கு எதிரே டீ போடுகிற அண்ணன், "என்ன மாஸ்டர், நீங்க இறங்கிட்டீங்க, கப்பல் உங்களை விட்டு இன்னும் இறங்கலையா?" என்றார். அந்தப் பேச்சு பிடித்துப்போய், வருகிறவர்களிடமெல்லாம் நானே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று நாள் மூன்று வாரமானது. ஒருநாள் பள்ளிக்கூடச் சட்டை தைக்கும்போது பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டதாக நினைத்தேன். மெஷின் நிற்கவில்லை. தையல் காலரைத் தாண்டி ஓடியது. குனிந்து பார்த்தால், கால் பெடல்மேலேயே இருக்கிறது. தையலைப் பிரித்தேன், வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் டாக்டரிடம் இழுத்துப் போவார்கள், மாத்திரையால்தான் என்று அவர் அதை நிறுத்திவிடுவார், நிறுத்தினால் இருமல் திரும்பும் என்று பயம்.

அந்த ஞாயிறு அரைநாள் கடை. உச்சி வெயிலில் வீட்டுக்குப் போகும் படகிலிருந்து பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் இறங்கி ஆட்டோ வரைக்கும் நடந்துவிட்டேன். மீன் விற்கும் பெங்காலி அம்மா பின்னாலேயே ஓடிவந்தார். "தாதா, சப்பல்." அண்ணா என்று கூப்பிட்டு நீட்டிய அவர் கையில் என் இடது செருப்பு. வெயிலில் கொதிக்கும் சிமெண்டில் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன். பாதமெல்லாம் கொப்புளம். வலிக்கவே இல்லை. வலித்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

மனைவி பாதத்தைப் பார்த்தாள். "கப்பல் கதையெல்லாம் எங்கிட்ட வேணாம். கிளம்புங்க."

டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். அவர் கையிலிருந்த இரும்பு இசைக்கவையைத் தட்டும் சத்தம் கேட்டது. "கால் கட்டைவிரல்ல வைக்கிறேன். அதிர்வு நின்னதும் சொல்லுங்க."

வெகுநேரம் காத்திருந்தேன். "எப்போ வைப்பீங்க, டாக்டர்?"

கண்ணைத் திறந்தேன். கவை என் விரல்மேல்தான் இருந்தது.

"அந்த மாத்திரைகள்ல ஒண்ணு நரம்பைக் கெடுக்குது. அதை மட்டும் மாத்தித் தர்றேன். மூணு வாரம் முன்னாடியே வந்திருக்கணும்."

"உணர்ச்சி திரும்புமா?"

"பார்க்கலாம். மாசக்கணக்காகும்."

இப்போது ஜெட்டியில் எல்லோரும் குதித்து இறங்கிய பிறகு கடைசியாக, காலைப் பார்த்துப் பார்த்து வைக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி என்னைக் கண் மூடச் சொல்லி விரலைக் கிள்ளிப் பார்க்கிறாள். நேற்று அவளுக்காக, "ம், லேசாத் தெரியுது" என்றேன்.

"நான் இன்னும் கிள்ளவே இல்லையே" என்றாள்.