சில்வண்டு ஓட்டுக் கசாயம்

போன கிழமை லிப்ற் கதவு திறந்ததும் அந்த மணம். எங்கள் மாடியில் யாரோ சீன மருந்து அவிக்கிறார்கள். ஈர மண்ணும் அதிமதுரமும் கருகின சட்டியும் சேர்ந்த நெடி. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட, நான் மட்டும் நின்று இழுத்து மணந்தேன். சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பார்க்டேல் பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மென்ற்றில் இருந்தேன். உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. சவர்க்காரத் தண்ணீரில் ஊறி இரண்டு கையிலும் எக்ஸிமா. ஊரில் கரப்பன் என்போமே, அதுதான். வெடித்து, நீர் வடிந்து, எனக்கே அரியண்டம். மேல்வீட்டு அன்ரியின் மகன் அப்போதுதான் நடை பழகினான். என்னைக் கண்டால் கையை நீட்டிக்கொண்டு வருவான். அந்தக் குளிருக்குள் எனக்கிருந்த சந்தோசம் அது ஒன்றுதான். ஒருநாள் நாலு பேர் பார்க்க அன்ரி அவனைப் பறித்தெடுத்தார்.

“தொத்து வருத்தமோ தெரியாது. பிள்ளையைத் தொடாதையும்.”

தொற்றாது என்று சொன்னேன். கேட்டால்தானே.

சைனா ரவுணில் ஒரு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண் நாக்கைப் பார்த்து, நாடி பிடித்து, கூசாமல் என் கையைத் தடவிப் பார்த்துப் பொட்டலம் கட்டித் தந்தார். வேர், பட்டை, பூ. நடுவில் சில்வண்டு கழற்றிப்போட்ட ஓடுகள், கால்களோடு. ஆனாலும் அவித்துக் குடித்தேன். கை மெல்லத் தேறியது. மருந்தாலோ, புதிதாய் வாங்கின கையுறையாலோ, சத்தியமாகத் தெரியாது.

அன்ரி சுத்த சைவம். நான் முட்டை பொரித்தாலே மச்சம், அசைவம் என்று மேலிருந்து நிலத்தை உதைப்பார். என் கை தேறுவதைக் கண்டு, ஒரு வெள்ளிக்கிழமை முழுகி, திருநீறு பூசி, தான் குடிக்கிற சொந்தப் பேணியோடு இறங்கி வந்தார்.

“எனக்கும் கால் கடிக்குது, ஒரே சொறி பிள்ளை. உந்த மருந்தில கொஞ்சம் தாருமன். மச்சம் ஒண்டும் இல்லைத்தானே?”

“சீச்சீ, எல்லாம் வேர் அன்ரி.”

மடமடவென்று குடித்தார். கடைசிச் சொட்டு வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படியொரு நிறைவு எனக்குப் பிறகு வந்ததேயில்லை. ஒருநாள் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும் என்று வைத்திருந்தேன். கலியாண வீடுகளில் கண்டால் வாய் வரை வரும். இன்னும் கூட்டம் சேரட்டும் என்று அடக்குவேன்.

பார்க்டேல் வீட்டை இடித்துவிட்டார்கள். மருந்துக் கடையும் இல்லை. போன மாதம் அன்ரியும் போய்விட்டார். செத்தவீட்டில் மகன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான்.

“அன்ரி, அம்மா லாஸ்ற் வரைக்கும் மச்சமே தொடேல்ல.”

“ஓம் தம்பி,” என்றேன்.

பெட்டிக்குள் அவர் நிம்மதியாகக் கிடந்தார். சொல்லவேண்டிய ஒரே ஆள், கேட்காமலே போய்விட்டார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.