வரிச் சலுகையும் அணைக்கட்டு வேனும்

ஆம்பூரில் ஷூ தைக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தைத்த ஷூ யோக்கியமானதுதான் என்று வெளிநாட்டுக்காரர்களிடம் சத்தியம் செய்கிற வேலை என்னைப் போல் சிலருக்கு. கம்பெனியில் இதற்குப் பெயர் கம்ப்ளையன்ஸ் ஆபீசர். வளரும் நாடாயிற்றே என்று நம் சரக்குக்கு ஐரோப்பாவில் இறக்குமதி வரியைக் கொஞ்சம் குறைக்கிறார்கள். சும்மா இல்லை, நிபந்தனைகளோடு. அந்த நிபந்தனைகளைத் தலையில் சுமந்து திரியும் சக பாவிகளே, இது உங்களுக்குத்தான்.

பிறந்த ஊர்

ஷூ நம் நாட்டில்தான் உருவானது என்று நிரூபிக்க வேண்டும். இது முதல் நிபந்தனை. தோல் மேல்விஷாரத்தில் பதப்படுத்தியது, தையல் ஆம்பூர், சோல் மட்டும் கடல் கடந்து வந்தது. வெளிச்சரக்கு அளவுக்கு மேல் போனால் ஷூ நம்மூர்க்காரன் இல்லை. எல்லாம் சரியாக இருந்தால், பதிவு செய்த கம்பெனி அதற்கான சான்றிதழைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

இதைத் தையல் லைனில் நின்று பெருமையாக விளக்கினேன். அங்கே அமுலு இருந்தாள். அணைக்கட்டு என்கிற ஊர்க்காரி. புருஷன் இல்லை, ஒரே மகள். கம்பெனி வேனில் வந்து போகிறவள். மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்: "என் பொண்ணுக்கு சாதி சர்டிபிகேட் வாங்க தாலுகா ஆபீஸுக்கு நடையா நடக்கறேன். ஷூவுக்கு மட்டும் நாமளே எழுதிக்கலாமா மேடம்?"

நெருப்பு

தொழிலாளர் பாதுகாப்பு அடுத்த நிபந்தனை. நிபந்தனைகள் நடக்கின்றனவா என்று பார்க்க, எங்களிடம் ஷூ வாங்கும் ஐரோப்பியக் கம்பெனி ஓர் அம்மாவை அனுப்பியது. வந்ததும் நெருப்பு ஒத்திகை பார்க்க வேண்டும் என்றார். சைரன் அடித்தது. வாரக்கணக்கில் சொல்லிக் கொடுத்திருந்தேன், மெஷினை அணைத்துவிட்டு எல்லோரும் அழகாக எழுந்தார்கள். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். எழுந்தவர்கள் அவசர வழியைத் தாண்டிப் போய், வாசலில் இருக்கிற, வருகை பதியும் பஞ்சிங் மெஷின் முன்னால் வரிசையில் நின்றார்கள். வெளியே போவதென்றால் விரலை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதுதான் எங்கள் கம்பெனிப் பழக்கம்.

அந்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். எனக்கு மானம் போயிற்று. "நெருப்புல கூடவா பஞ்ச் பண்ணுவீங்க?" என்று வரிசையின் கடைசியில் நின்ற பெண்ணிடம் கத்தினேன். அவள் வரிசையை விட்டு நகரவில்லை. "நெருப்பு எப்பவோ ஒரு வாட்டி வரும் மேடம். பஞ்ச் இல்லன்னு ஆஃப் டே சம்பளம் புடிக்கறது மாசா மாசம் வருது."

தேர்தல்

தொழிலாளர்கள் தங்கள் பிரதிநிதிகளைச் சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இன்னொன்று. எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் இம்தியாஸ் பாய் தங்கமான மனுஷர். யாருக்கும் சிரமம் வேண்டாமென்று தொழிலாளர் கமிட்டியைத் தானே தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்: சூபர்வைசர், ஸ்டோர் கீப்பர், தன் கார் டிரைவர். யார் ஓட்டுப் போட்டது என்று அந்த அம்மா கேட்க, "எல்லாரும் கை தட்டினாங்க" என்றார் பாய். தான் அடுத்த முறை வருவதற்குள் பெட்டி வைத்துத் தேர்தல் நடத்தச் சொல்லிவிட்டுப் போனார் அந்த அம்மா.

அதே வாரம் பாய் இன்னொரு அறிவிப்பு ஒட்டினார். ஆள் கம்மி, டீசல் ஜாஸ்தி, அடுத்த மாதத்திலிருந்து அணைக்கட்டு வேன் கிடையாது. பஸ் மாறி வந்தால் ஷிஃப்டு மணிக்குள் வந்து சேர முடியாது. அமுலுவுக்கு வேலை போன மாதிரிதான். அவள் அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. மறுநாள் தேர்தலில் நிற்கிறேன் என்று பெயர் கொடுத்தாள். தோல் வெட்டுகிற கட்டிங் பிரிவு ஆம்பளைகள்கூட அவளுக்குத்தான் போட்டார்கள். முடிவு தெரிந்ததும் பாய் என்னைக் கூப்பிட்டார். "ஓட்டுப் பெட்டி வெச்சா இப்படி ஆவும்னு அந்த அம்மா முன்னாடியே சொல்லலியேம்மா!"

நிபந்தனை

அந்த அம்மா மறுபடி வந்தார். ஒரு பக்கம் கமிட்டி, எதிரே பாய், நடுவில் மொழிபெயர்க்க நான். "கொஞ்சம் பாத்து சொல்லும்மா" என்று பாய் என் காதில் போட்டு வைத்திருந்தார். எனக்கும் அதே கம்பெனிச் சம்பளம்தான். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அந்த அம்மா கேட்டதும் அமுலு எழுந்தாள். "அவங்க வரி கொறைக்கணும்னா நாங்க இன்னா இன்னா பண்ணணும்னு வருஷம் பூரா சொல்றீங்க. நாங்க வேலைக்கு வரணும்னா நீங்க பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு. வேனை நிறுத்தாதீங்க." ஒரு வார்த்தை குறைக்காமல் மொழிபெயர்த்தேன். அந்த அம்மா எழுதிக்கொண்டார்: அடுத்த முறை வரும்போது வேனையும் பார்க்க வேண்டும்.

பாய் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வரிச் சலுகை இருக்கிறவரை வேனும் இருக்கும் என்றார். அமுலு அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். இப்போதெல்லாம் காலையில் வேனிலிருந்து இறங்கியதும் நேரே என் மேஜைக்குத்தான் வருகிறாள். போன வாரம் முகம் வாடியிருந்தது. "மேடம், ஐரோப்பாவுல ஏதோ ஒரு நாட்டுல ஆட்சி மாறப் போவுதாமே, நம்ம வேனுக்கு ஒண்ணும் ஆவாதே?"

ஐரோப்பிய அரசியலை அணைக்கட்டு அளவுக்கு அக்கறையாகக் கவனிக்கிற ஊர் ஐரோப்பாவிலேயே இருக்காது என்று நான் கையெழுத்துப் போட்டுத் தருவேன்.