மஞ்சள் கருவின் அடிவண்டல்

என் மகள் வெளுத்துக்கொண்டே வந்தாள். திருப்பதியில் லேடி டாக்டர் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தம் போதலை. முட்டையை அரைவேக்காடா எடுத்து, மஞ்சளை மட்டும் தண்ணியில கரைச்சுக் கொடு" என்றார்.

நான் சைவ வீட்டுப் பெண். ஆந்திர எல்லையோர ஊரான நகரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகும், முட்டை உடைக்கும் சத்தம் கேட்டால் கொல்லைக்குப் போய்விடுவேன். இப்போது நானே உடைக்க வேண்டும். ஓட்டிலிருந்து அது வழுக்கி விழும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கரைத்து வைப்பதற்குள் குழந்தை தூங்கிவிடுவாள். அவள் எழுந்திருக்கும்போது கண்ணாடி டம்ளரில் மேலே மஞ்சள் நீரும், அடியில் சீழ் போல வெளுத்த வண்டலும் பிரிந்து நிற்கும். கொழுப்பு தண்ணீரில் சேராது, மேலே மிதக்கும் என்று இன்டர்மீடியட்டில் படித்திருந்தேன். இதில் எண்ணெய்ப் படலத்தையே காணோம். ஏதோ ஒன்று அடியிலும் போய்த் தங்குகிறது. அப்படியானால் கெட்டுவிட்டது. மேல்நீரை மட்டும் இறுத்துப் புகட்டிவிட்டு, வண்டலைக் கொட்டி அதன்மேல் சாம்பலைப் போடுவேன்.

"இன்னாமா, எல்லை பிரிக்க வந்தவங்களாட்டம் மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு பிரிச்சிக்கினு கீற?" என்றார் அத்தை, என் மாமியார். "கலக்கிக் குடு. கொயந்த துன்னும்."

"நாத்தம் அடிக்குது அத்தை."

"முட்டன்னா முட்ட நாத்தந்தான் அடிக்கும். மல்லிப்பூவா அடிக்கும்?"

அடுத்த முறை டாக்டர் இமையை இழுத்தபோதும் வெளுப்பு அப்படியே இருந்தது. முட்டையெல்லாம் கெட்டதாகவே கிடைக்கிறது என்று வண்டலைப் பற்றிச் சொன்னேன்.

"கெட்டதில்லம்மா. மேல நிக்கிறதில கொழுப்பு ஜாஸ்தி. பொடிப்பொடி உருண்டை, ஒவ்வொண்ணுக்கும் புரதமும் தண்ணியோட ஒட்டுற லெசித்தினும் சேர்ந்து ஒரு சட்டை. அதனாலதான் தண்ணியில கலந்து நிக்குது. அடியில போறதில கொழுப்பு கம்மி, புரதம் ஜாஸ்தி. நான் கொடுக்கச் சொன்ன இரும்பு அதிலதான் ஒட்டியிருக்கு. அதையா கொட்டினே?"

மகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கரைத்தேன். படிய விட்டேன். ஒருவேளை இது நிஜமாகவே கெட்டிருந்தால்? டாக்டர் இந்த டம்ளரைப் பார்க்கவில்லையே. வண்டலை வழித்து முதலில் என் நாக்கில் வைத்தேன். மாவுபோல் ஒட்டியது. ஈரக்கோழியின் வாடை மூக்குவரை ஏறியது. குமட்டலை விழுங்கிக்கொண்டு மகளுக்கு ஒரு கரண்டி கொடுத்தேன். அவள் சப்புக்கொட்டி, இன்னும் வேண்டுமென்று வாயைத் திறந்தாள்.

"அத்தை, கொஞ்சம் பிடிங்க" என்று கரண்டியை அவர் கையில் திணித்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினேன்.